ரெண்டு பேர் சொல்லணும்

அவரை யாராவது "மிலிட்டரிக்காரரே" என்று கூப்பிட்டுவிட்டால், எவ்வளவு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தாலும் நின்று திருத்திவிட்டுத்தான் நகருவார்.

"மிலிட்டரி இல்லீங்க, ரிசர்வு. மிலிட்டரின்னா வருஷம் பூரா. நாங்க கூப்பிட்டா போறவங்க."

கூப்பிட்டவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் இருக்காது. ஆனாலும் சொல்லிவிட்டுத்தான் போவார். தன்னைப் பற்றி ஒரு இம்மி கூடுதலாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. டைப்பிங்கும் உண்டு. பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று நாள் முழுக்க மனுக்களாக அடித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் காலையில், வெள்ளைச் சட்டையை இஸ்திரி மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு வந்து நின்றார். எழுபது வயதைத் தாண்டியவர். கையில் பழைய டைரி ஒன்று, ரப்பர் பேண்டு போட்டு.

"மனு இல்லம்மா. ஹிஸ்டரி. அடிப்பியா?"

அவர் சொல்லித்தான் அப்படி ஒரு படை இருந்தது எனக்குத் தெரியும். காலாட்படைதான், ஆனால் அதில் இருந்தவர்கள் எல்லாரும் ஊரில் வேறு வேலை பார்ப்பவர்கள். பஸ் கண்டக்டர், நெசவாளி, செங்கல் சூளைக்காரர், டீச்சர். இவர் கரும்பு ஆலையில் பாய்லர் பக்கம் வேலை பார்த்தவர். வருஷத்துக்கு இரண்டு மாதம் முகாம். சண்டை, புயல், கலவரம் என்றால் தந்தி வரும்; கிளம்பிப் போய் மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ துப்பாக்கியோடு நிற்க வேண்டும். முடிந்ததும் உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய வேலைக்கு வந்துவிட வேண்டும். பின்னால் ஒரு நாள் காலையில் எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் கொடியை மடித்து, இனி இந்தப் படை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ரிஜிஸ்டர்கள் ஏதோ ஒரு குடோனுக்குப் போயின. குடோனில் மழைத்தண்ணீர் புகுந்தது. இவர் எழுதிப் போட்ட கடிதங்களுக்கு வந்த ஒரே பதில், கேட்கும் ஆவணங்கள் இருப்பில் இல்லை என்பதுதான்.

அதனால் அவரே எழுத உட்கார்ந்துவிட்டார்.

டைரியைப் பிரித்துப் பார்த்தேன். எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் டிக். சிலதுக்கு ஒன்று, சிலதுக்கு இரண்டு.

"ரெண்டு டிக் இருக்கறத மட்டும் அடிம்மா. ஒரு டிக் இருக்கறத உட்டுடு."

"ஏன்யா?"

"ரெண்டு பேர் சொல்லணும். ஒருத்தர் சொன்னா அது கதை."

மரக்காணம் பக்கம் புயல் அடித்தபோது இந்தப் படை போய்க் கடற்கரைக் குப்பங்களில் பதினோரு நாள் பிணம் எடுத்திருக்கிறது. அதை இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள், அடித்தேன். அந்தப் பதினோரு நாளும் என்ன சாப்பிட்டார்கள் என்பதில் ஒருவர் கேப்பைக் கூழ் என்றிருக்கிறார், இன்னொருவர் அரிசிக் கஞ்சி என்றிருக்கிறார். அந்த வாக்கியம் போய்விட்டது. "நீங்களும் அங்க இருந்தீங்கதானய்யா, இன்னா சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "கூழுதான். ஆனா நான் ஒருத்தன்தான" என்றார். கூழ் என்று சொன்ன இன்னொருவர் இருக்கிறாரே, அவரோடு சேர்ந்து இரண்டு ஆகாதா என்றேன். சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, "கூழுன்னு சொன்னதே நான்தாம்மா" என்றார்.

இப்படி ஒரு மனிதர். பஸ் எப்போது வரும் என்று கேட்டால்கூட, "பத்தரைன்னு போர்டுல போட்டுக்குது, நான் பாக்கல" என்பார்.

வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் வருவார். அடித்ததை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்பார். பெயர்ப்பட்டியல் வரும்போது மட்டும் கண்ணைத் திறந்து உட்காருவார். ஒவ்வொருவர் பெயரோடும் அப்பா பெயரும் ஊரும் இருக்க வேண்டும். இனிஷியல் மட்டும் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். இடம் அடைக்கிறதே என்று நான் ஒரு முறை முணுமுணுத்தபோது சொன்னார்:

"எங்க ஊர்ல எங்கப்பாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டது கெடையாதும்மா. டேய்தான். வயசானப்புறமும் டேய்தான். எனக்கும் அதேதான். மொத மொத முகாமுக்குப் போயி காலையில வரிசையில நிக்கறேன். ஒருத்தர் என் பேர முழுசா, எங்கப்பா பேரோட சேத்து, மைதானமே கேக்கற மாதிரி படிக்கறாரு. எனக்குப் பதில் சொல்லவே வரல. ரெண்டாந்தரம் படிச்சாரு."

 பட்டியலை நான் முழுசாக அடித்தேன்.

இந்த இரண்டு பேர் கணக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. முதலில் ஒரு முறை இந்த வரலாற்றை எல்லாரையும் போலத்தான் எழுதியிருக்கிறார், தான் கேட்டதையும் நினைவிருந்ததையும் வைத்து. வருஷத்துக்கு ஒரு முறை பழைய ஆட்கள் விழுப்புரத்தில் கூடுவார்கள். அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்திருக்கிறார். கோலியனூர்க்காரர் ஒருவரைப் பற்றி, தந்தி வந்தும் வராமல் ஓடிப்போனவர் என்று ஒரு வரி. அந்த ஆள் இறந்துபோய் வெகுகாலம். ஆனால் அவர் மகள், அப்பா இருந்த இடம் என்று வருஷா வருஷம் அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர், பின்வரிசையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். எழுந்து வந்து, கைப்பையிலிருந்து ஒரு பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து இவர் முன்னால் வைத்திருக்கிறார். தந்தி வந்த அந்த மாதம் முழுக்க அவர் அப்பா காசநோய் வார்டில் படுத்துக் கிடந்திருக்கிறார்.

"அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை திட்டல. சீட்டை வெச்சிட்டு நின்னுக்கினே இருந்துச்சி. அடுத்த வருஷத்துலருந்து அது கூட்டத்துக்கு வர்றதில்ல" என்றார்.

எழுதினதை அன்றைக்கே கொளுத்திவிட்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

இரண்டாவது ஆளைத் தேடித்தான் அவர் காலம் போனது. பஸ் ஏறிப் போவார். செய்யாறு, பண்ருட்டி, திருக்கோவிலூர். போன இடத்தில் ஆள் படுத்த படுக்கையாக இருப்பார், இல்லாவிட்டால் மகனையே யார் என்று கேட்டுக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் வாசலில் பந்தல் போட்டிருக்கும். அப்படிப் போய்விட்டு வரும் நாட்களில் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "ஒரு டிக்கோட நின்னுடுச்சும்மா" என்பார். எந்த வாக்கியம் என்று நான் கேட்பதில்லை. ஒற்றை டிக் வாக்கியங்களைத் தனி நோட்டில் எழுதிவைத்திருந்தார். நான் அடித்த வரலாறு தொண்ணூறு பக்கத்தில் நின்றது. அந்த நோட்டு நாலு ஆகிவிட்டிருந்தது.

அந்த நோட்டுகளில் ஒன்றை ஒரு நாள் தவறி என் மேசையில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அவருடையது என்று எடுத்து வைக்கப் போனவள் பிரித்துப் பார்த்துவிட்டேன். எல்லாப் பக்கத்திலும் அதே அச்செழுத்து. ஒரு பக்கத்தில் மட்டும் எழுத்து கோணிக்கொண்டு, அடித்து அடித்து எழுதியிருந்தது. வளவனூர்க்காரர் ஒருவர் இறந்ததைப் பற்றி. ஒரு டிக்.

மறுநாள் வந்து நோட்டைக் கேட்டார். கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்து, "படிச்சிட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். டீ சொல்லச் சொன்னார். டீ வந்து ஆறியது. பிறகு சொன்னார்.

வளவனூர்க்காரரும் இவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே கூடாரம். வடகிழக்கு எல்லையில் மலைமேல் ஒரு எண்ணெய்க் குழாய்ப்பாதைக்குக் காவல் நின்றபோது நடந்தது. வளவனூர்க்காரருக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம், கைக்குழந்தை. லீவு கேட்டுக் கேட்டுக் கடைசியில் பாஸ் கிடைத்தது. அவர் கிளம்ப வேண்டிய காலையில் ராஷன் வண்டியோடு கீழே போய்வரும் முறை இவருடையது. இவருக்குக் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை. பாலமும் ஒரு பக்கம் உடைந்திருந்ததால் அன்றைக்கு விட்டால் அடுத்த வண்டி மூன்று நாள் கழித்துத்தான். ஹவில்தார் வேறு ஆள் இல்லை என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவன்தான் வந்து, 'நீ படு. நான் போய்ட்டு வந்துட்டு அப்பால ஊருக்குக் கெளம்பறேன்'னான். லீவு பாஸு சட்டைப் பையில இருக்குது. மூணாம் நாளு திரும்பி வர்றப்ப வண்டி உருண்டுடுச்சி. டிரைவரும் போய்ட்டான். ரிஜிஸ்டர்ல அவன் லீவுல போனவன். லீவுல போனவன எப்பிடி வண்டியில அனுப்பினன்னு மேல கேப்பாங்க இல்ல? அதனால ரிஜிஸ்டர அப்பிடியே உட்டுட்டாங்க. லீவில் இருக்கும்போது விபத்துல இறந்தார்னு ஊட்டுக்கு லெட்டர் போச்சி."

வளவனூரில் அந்த லெட்டரில் இருந்த தேதிகளை எல்லாரும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். லீவு கிடைத்தது முதல் தேதி. செத்தது மூன்றாம் தேதி, ரயில் நிலையத்துக்கே வராமல், மலைமேல். நடுவில் எங்கே போனான்? அங்கே எவளோ ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று மாமியாரும் நாத்தனாரும் முடிவு கட்டிவிட்டார்கள். கட்டின பெண்டாட்டியிடம் வர மனசில்லாதவன் பெண்டாட்டி என்று அந்த அம்மாவுக்குப் பேர் நின்றுவிட்டது. படையின் தலைமையிடத்தில், பணியில் இறந்தவர்கள் பெயர் வெட்டிய கல் ஒன்று உண்டு. அதிலும் அவர் பெயர் இல்லை.

"அந்த அம்மாகிட்ட நீங்க சொன்னீங்களாய்யா?"

"சொன்னேன். டூட்டியிலதான் செத்தான்னு அப்பவே போய்ச் சொன்னேன். அந்த அம்மா நம்பிச்சி. மாமியாரு, 'கூட்டாளிக்கு நீ பரிஞ்சி பேசாம யாரு பேசுவா'ன்னுச்சி."

"உங்க டூட்டின்னு சொன்னீங்களா?"

அவர் நோட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டார். "அந்த அம்பத்தி ரெண்டாம் பக்கத்துல ஒரு பேரு தப்பா இருந்துச்சி, மாத்திட்டியா?" என்றார்.

நான் மாற்றிவிட்டேன் என்றேன்.  அன்றைக்குத்தான் முதல் முறையாக எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. இந்த இரண்டு பேர் கணக்கு கோலியனூர்ப் பெண்ணுக்காக மட்டும்தானா? தான் ஒருவனாக ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட வேண்டிய நிலைமை வராமல் இருக்கத்தானா? கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

அந்தக் காலையில் கூடாரத்துக்கு வெளியே நின்றவர் இன்னொருவர் உண்டு. படையின் கிளார்க், லீவு ரிஜிஸ்டர் எழுதியவர். மேல்சித்தாமூரில் இருக்கிறார், உயிரோடு இருக்கிறார், நினைவு நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் தகவல் வந்தது. "நான் வண்டியில கூட்டினு போறேன்யா" என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். செஞ்சி ரோட்டில் அறுத்த வயலெல்லாம் காய்ந்து கிடந்தது. 

அந்தப் பெரியவர் தமிழ்ச் சமணர். மடத்துத் தெருவில் சுத்தமான சின்ன வீடு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று நாலரை மணிக்கே மருமகள் தட்டை வைத்துக்கொண்டிருந்தார். எங்களையும் உட்காரச் சொன்னார்கள். இவரைப் பார்த்ததும் பெரியவர் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். இவர் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்துச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் இவர் நேராகக் கேட்டார். "வளவனூர்க்காரன் ராஷன் வண்டியில போன அன்னிக்கிக் காலையில நீங்க அங்க இருந்தீங்க. அவன் டூட்டியில போனான்னு நீங்க சொன்னா நான் எழுதிக்குவேன்."

பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அந்தக் காலையைப் பத்திப் பேச ஒண்ணும் இல்லப்பா" என்றார்.

"ஞாபகம் இல்லன்னு சொல்றீங்களா?"

"ஞாபகம் இல்லன்னு நான் சொல்லல. பொய் சொல்றதில்லன்னு விரதம் எனக்கு. பேச ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்."

"ரிஜிஸ்டரப் பத்தி நான் எழுத மாட்டேன். அவன் போனான்றத மட்டும்."

பெரியவர் மருமகளைக் கூப்பிட்டு எங்களுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். கிளம்பும்போது வாசல்வரை வந்த மருமகள் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "மாமாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதுங்க. வளவனூரு பஸ்ஸைப் பாத்தாகூட அன்னிக்கிச் சாப்பிட மாட்டாரு."

நான் அதை இவரிடம் சொன்னேன். திரும்பிப் போய்க் கேட்கலாம், இன்னொரு முறை கேட்டால் சொல்லிவிடுவார் என்றேன்.

"வேணாம்மா. சாட்சின்னா அதுவா வரணும். புடிச்சி இழுத்தா சாட்சி இல்ல" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். ஏமாற்றம் இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. நிம்மதி என்று சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அந்தப் பெரியவர் அடுத்த மழைக்காலம் தாண்டவில்லை.

புத்தகம் ஒருவழியாக அச்சாகி வந்தது. விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஞாயிறு காலையில் கூட்டம். பழைய ஆட்கள் ஏழு பேர் வந்திருந்தார்கள். இருவர் சக்கர நாற்காலியில். நீளமான சாப்பாட்டு மேசைமேல் புத்தகங்களை அடுக்கிவைத்து, ஒவ்வொருவரையும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவரவர் தன் பெயர் இருக்கும் பக்கத்தை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்கள். ஒருவர் என்னிடம் காட்டி, "எங்கப்பா பேரு கூட போட்டுக்கிறாரு பாரும்மா" என்றார். இவர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த அரை மணி நேரம்தான்.

அப்போதுதான் வளவனூர்க்காரர் மகன் வந்தார். கைக்குழந்தையாக இருந்தவருக்கு இப்போது தலை நரைத்திருந்தது. காலேஜ் பஸ் ஓட்டுகிறார். அம்மா அனுப்பினார் என்றார். ஒரு புத்தகத்தை எடுத்து நின்றபடியே புரட்டித் தன் அப்பா பெயரைக் கண்டுபிடித்தார். பெயர், அப்பா பெயர், ஊர் வளவனூர், சேர்ந்த நாள். பிறகு, 'மறைந்தார்'. எங்கே, எப்படி என்று ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு இருந்தது.

"இவ்ளோதானா சார்?"

"ரெண்டு பேர் சொன்னது இவ்ளோதான்."

"எங்கம்மாகிட்ட டூட்டியில செத்தாருன்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"அத எழுதறதுக்கு இன்னா?"

இவர் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது என் டூட்டிப்பா. எனக்குக் காய்ச்சலு. உங்கப்பன் எனக்காகப் போனான். லீவு பாஸ சட்டைப் பையில வெச்சிக்கினு போனான்."

 சமையல்காரர்கள் பின்னால் பாத்திரம் கழுவுவது மட்டும் கேட்டது. மகன் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்தார்.

"அப்ப நீங்க போயிருந்தா எங்கப்பா ஊட்டுக்கு வந்திருப்பாரு."

"ஆமா."

"இத இத்தினி வருஷமா எங்கம்மாகிட்ட சொல்லல."

"சொல்லல."

சக்கர நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர், "அவன் சொல்றது நெசமாத்தான் இருக்கும் தம்பி. நாங்கெல்லாம் அப்ப வேற மலையில இருந்தோம், எங்களுக்குத் தெரியாது" என்றார். சமாதானம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"வாயால சொல்றீங்க. புக்குல இல்ல. இத எடுத்துனு போயி நான் எங்கம்மாகிட்ட இன்னாத்தக் காட்டறது?" மகன் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். எறியவில்லை. மற்றவற்றோடு ஓரம் சேர்த்து ஒழுங்காகவே வைத்துவிட்டுப் போனார். இலை போட்டார்கள். இவரும் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார், பாயசம் வரைக்கும்.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானே தேடிப் போனேன். அதுவரை தனியாகத்தான் இருந்தார், மனைவி போய்ப் பல வருஷம். புதுச்சேரியிலிருந்து மகள் வந்து பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்கிறார் என்றார் மகள். கட்டிலில் தலையணையை உயர்த்திச் சாய்ந்திருந்தார். பேசினால் மூச்சு வாங்கியது.

"லேப்டாப் வெச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். நாலே வரி.

'அன்று ராஷன் வண்டியில் போக வேண்டிய முறை என்னுடையது. எனக்குக் காய்ச்சலாக இருந்ததால், லீவு பாஸ் கையில் இருந்தும், எனக்காக அவர் போனார். திரும்பும் வழியில் வண்டி உருண்டு இறந்தார். அவர் வேறு எங்கும் போகவில்லை.'

மேலே வளவனூர்க்காரர் பெயரை அவர் அப்பா பெயரோடும், கீழே தன் பெயரையும் அப்பா பெயரையும் போடச் சொன்னார்.

"புக்குல சேத்து மறுபடி அச்சுக்குக் குடுத்துரலாமாய்யா?"

"ஹிஸ்டரில சேக்காத. அதுக்கு ரெண்டு பேர் வேணும். இது தனிச் சீட்டு. நான் ஒருத்தன் சொல்றது." மூச்சு வாங்கிவிட்டு, "இத மொதல்லயே செஞ்சிருக்கணும். ரெண்டாவது ஆளு வருவான் வருவான்னு ஒக்காந்துட்டேன்" என்றார்.

"பயமாய்யா?"

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"வளவனூரு அம்மா எனக்கு வருஷா வருஷம் கொல்லையில வெளஞ்ச மல்லாட்டை குடுத்தனுப்பும். ஊட்டுக்காரரோட கூட்டாளின்னு. அது நின்னுடுமேன்னு இருந்துச்சி" என்றார்.

சீட்டை அவரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், ஆட்டோ வைத்துக் கூட்டிப் போகிறேன் என்றேன். "நாளைக்கிப் போலாம்" என்றார். மறுநாள் போனபோதும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் நினைவு தப்பிவிட்டது. அந்த வாரமே போய்விட்டார். சாவுக்குக் கொடி போர்த்த யாரும் வரவில்லை. அவர் இருந்தால், நாங்க மிலிட்டரி இல்லீங்க என்று அவரே சொல்லித் தடுத்திருப்பார்.

சீட்டு என் கடை மேசை டிராயரில் கிடந்தது. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று நானும் நாற்பது நாளைக் கடத்திவிட்டேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டு விழுப்புரம் போய், அங்கிருந்து புதுச்சேரி பஸ்ஸில் வளவனூரில் இறங்கினேன்.

அந்த அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து விதைக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார், அதே மல்லாட்டைதான். ஒல்லியான, நிமிர்ந்து உட்காரும் அம்மா. நான் யார் என்று சொன்னேன். உட்காரச் சொன்னார்.

"புள்ள வந்து சொன்னான். அண்ணன் செத்ததும் தெரியும். வர முடியல" என்றார்.

வர மனசில்லையா, முடியவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. சீட்டை எடுத்து நீட்டினேன். எழுத்து தெரியாது, நீயே படி என்றார். படித்தேன். நாலு வரி படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவர் உரிப்பதை நிறுத்தவில்லை. கடைசி வரி வந்தபோது மட்டும் கையில் இருந்த காய் உடைபடாமல் விரல்களுக்கு நடுவில் அப்படியே நின்றது.

"வேற எங்கியும் போவல" என்று அவரே ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

"ஆமாம்மா."

"மாமியாரு போயி இருவது வருஷமாவுது. நாத்தனாரு போன தையில போனா. சாவுற வரைக்கும் எங்கண்ணன் எவகிட்டயோ போய்க்கினு இருந்தப்பதான் செத்தான்னு சொல்லிக்கினேதான் கெடந்தா. பக்கத்தூட்டுக் கெழவி இருந்தா, அவளும் இல்ல. இப்ப இத யாருகிட்டமா படிச்சிக் காட்டறது?"

 பதிலுக்குக் காத்திராமல் இரண்டு மூன்று காயை உரித்து முறத்தில் போட்டார்.

"இன்னொரு வாட்டி படி" என்றார். "கொஞ்சம் சத்தமா."

எழுந்து நின்று, தெருவைப் பார்த்துச் சத்தமாகப் படித்தேன். எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்ததால் தெருவில் ஒருவரும் இல்லை.